மண்ணே கத்தினால் நான் என்ன செய்ய?

மிக்ஸி, கிரைண்டர், இன்வெர்ட்டர் கேள்விகளை இந்த இதழில் ஒதுக்கி வைத்துவிட்டேன். போன முறை மிக்ஸி மோட்டார் பற்றிய பதிலுக்கு நடுவே, 'துபாயிலிருந்து தங்கச்சி மகன் ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்து தந்திருக்கிறான், கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கணும்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மிக்ஸியை யாரும் சீண்டவில்லை. வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். புதையல் என்றால் நம் ஆட்களுக்குத் தூக்கம் வராது.

அண்ணாச்சி, டிடெக்டரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனீர்களா? என்ன கிடைத்தது? மறைக்காமல் சொல்லவும்.
— வாசகர், குழித்துறை

கொண்டுபோனேன். முதல் நாள் கிடைத்தது தலைவலி.

கருவி எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய அனலாக் வகை. திரை கிடையாது, எண் கிடையாது. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா, அதில் மூன்று குமிழ், ஒரு சுவிட்ச். கம்பின் கீழ்முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள். 9 வோல்ட் பேட்டரி இரண்டு. முதல் குமிழ், எவ்வளவு நுணுக்கமாகக் கேட்க வேண்டும் என்பதற்கு. இரண்டாவது, ஆணி, தகரம் போன்ற குப்பையை ஒதுக்க. மூன்றாவது, மண்ணுக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்ய. பெட்டியைப் பிரித்த அன்று இந்த மூன்றாவதை நான் மதிக்கவே இல்லை. நாற்பது வருஷம் ரேடியோ பிரித்தவனுக்கு ஒரு குமிழ் பெரிய காரியமா என்ற மிதப்பு.

மதில் கட்ட இறக்கியிருந்த எம்-சாண்ட் குவியலில் சம்சாரத்தின் வளையலைப் புதைத்துச் சோதித்தேன். அரை அடி ஆழத்தில் இருந்ததைச் சுத்தமாகச் சொன்னது. வளையல் வெளியே வரும்வரை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அது வேறு கதை.

மறுநாள் விடியற்காலை மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். சின்னவிளைப் பக்கம் இறங்கி நடந்தால் அகலமான கரை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு காயிலை மணலுக்கு இறக்கினேன். கத்தியது. இடப்பக்கம் வீசினேன், கத்தியது. வலப்பக்கமும் அதே கத்தல். தோண்டினேன், மண். இன்னும் தோண்டினேன், இன்னும் மண். ஏழெட்டுக் குழி ஆனபோது கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுக்க வந்திருந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். "சாரே, குண்டு கிண்டு வச்சிருக்கானுவளா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை, சும்மா பார்க்கிறேன் என்றேன். சும்மா எவனாவது இந்த நேரத்தில் குழி தோண்டுவானா என்பதுபோல ஒரு பார்வை.

கருவி பழுது என்று முடிவுகட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் காலைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. கரிப்பொடி அப்பியதுபோல.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மணவாளக்குறிச்சி மணல் என்றால் இல்மனைட் மணல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த கனிமம். லேசாகக் காந்தத்துக்கு இழுபடும். அந்த மண்ணின் மேல் காயிலைப் பிடித்துக்கொண்டு 'ஏன் கத்துகிறது' என்று கேட்டவனை என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை, துண்டில் ஒட்டிவந்த மணலில் புரட்டினேன். கறுப்புத் தூள் அதில் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது.

கருவி வேலை செய்யும் விதம் சுருக்கமாக: காயிலில் ஒரு சுற்று, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி விடும். காயிலின் இன்னொரு சுற்று அதைப் பிடித்து ஒலியாக்குகிறது. நம் கறுப்பு மணலும் அந்தப் புலத்தைக் கலைக்கிறது. மோதிரம் மெல்ல முனகும்போது மண் மேளம் அடித்தால் எது கேட்கும்?

இதில் ஒரு பெரிய மனிதரே ஏமாந்திருக்கிறார் என்பது எனக்கு ஆறுதல். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டெலிபோன் கண்ட கிரகாம் பெல், இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து எடுத்துக்கொண்டு போனார். கண்டுபிடிக்க முடியவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் இரும்பு ஸ்பிரிங். அதுபோக, வலப்பக்கம் மட்டும் தேடினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். ஜனாதிபதி செப்டம்பரில் இறந்துபோனார். நம் கடற்கரை முழுக்க அந்த மெத்தைதான்.

இரண்டாம் நாள் மூன்றாவது குமிழுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தேன். செய்முறை இதுதான். குப்பை ஒதுக்காத நிலையில் சுவிட்சைப் போட்டு, ஹெட்போனில் கொசு பறப்பதுபோல ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும்படி வைக்க வேண்டும். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை முழங்கால் உயரத்திலிருந்து மணலை ஒட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். இறங்கும்போது ரீங்காரம் கூடினால் குமிழை ஒரு பக்கம் ஒரு மயிரிழை திருப்பு, குறைந்தால் மறுபக்கம். திரும்ப உயர்த்து, திரும்ப இறக்கு. ஏற்றினாலும் இறக்கினாலும் கொசு ஒரே சுருதியில் பறந்தால் மண் கணக்கில் வரவில்லை என்று அர்த்தம். ஷார்ட்வேவில் இலங்கை ஸ்டேஷனை முள்ளை நகர்த்தி நகர்த்திப் பிடித்தவர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் உடனே வந்துவிடும். பத்து நிமிஷம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். முட்டிதான் கேட்கவில்லை.

அப்புறம் மண் அடங்கியது. அடங்கியதும் முதல் சத்தம்: சோடா மூடி. இரண்டாவது: சோடா மூடி. இந்த மூடி பெரிய மோசக்காரன். தகரம்தான், ஆனால் தட்டையாக வட்டமாக இருப்பதால் நல்ல காசு மாதிரியே பாடும். பிறகு மாத்திரை அட்டை, துருப்பிடித்த தூண்டில், 1 ரூபாய் மூன்று, 5 ரூபாய் ஒன்று. இப்போதைய 1 ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு என்பதால் அதன் குரல் ஒரே சீராக வராது. ஒரு வீச்சில் மணி, மறு வீச்சில் கரகரப்பு. பித்தளை கலந்த 5 ரூபாய் அப்படி இல்லை, எந்தப் பக்கம் வீசினாலும் ஒரே பேச்சு.

அன்று நான் கற்றுக்கொண்ட முக்கியமான சங்கதி வேறு. கத்துகிறதே என்று முதல் நாள் கறுப்பு மண்ணை விட்டு வெள்ளை மணலுக்கு ஓடப் பார்த்தேன். அது தப்பு. அலை மணலை முறத்தில் போட்டுப் புடைக்கிறது. லேசான வெள்ளை மணல் பறந்துவிடும், கனமான கறுப்பு மணல் தங்கிவிடும். வெள்ளை மணல் தண்ணீரைப்போல 2.6 மடங்கு கனம், இல்மனைட் கிட்டத்தட்ட 4.7 மடங்கு. ஈயம் 11, தங்கம் 19. கறுப்பு தங்கும் வரியில் அதைவிடக் கனமான ஈயக்குண்டும் மோதிரமும் தங்காமல் எங்கே போகும்? ஆனி, ஆடியில் கடல் கரையைத் தின்றுவிட்டுப் போனபின் கறுப்பு பட்டை பட்டையாகத் தெரியுமே, தேட வேண்டிய இடம் அதுதான். கருவி அதிகமாகக் கத்துகிற இடமும் அதுதான். கஷ்டம்தான், வேறு வழியில்லை.

அந்த வரியில்தான் மூன்றாம் நாள் ஒரு சுத்தமான சத்தம் வந்தது. ஒன்றேகால் சாண் தோண்டினேன். சுண்டுவிரல் நீளத்தில் ஈயக்குண்டு, நடுவில் துளை, கயிறு உரசிய இடம் வழுவழுவென்று பள்ளமாகத் தேய்ந்திருந்தது. ஒரு முனையில் பல் பதித்த தடம். யாரோ கடித்து இறுக்கியிருக்க வேண்டும். கரமடிக்காரப் பெரியவர் ஒருவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஈயம் என்ன விலை விக்கி தெரியுமா சாரே?" என்றார். தெரியாது என்றேன். மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் ஒன்று வாங்க ஆசை. அனலாக் வாங்கவா, டிஜிட்டல் வாங்கவா?
— கல்லூரி மாணவர், நீரோடி

நீரோடி என்றால் வாசலிலேயே கடல். அப்படியானால் நான் வைத்திருப்பதை வாங்காதே தம்பி.

ஈர மணலில் இருக்கும் உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். அதுவும் கருவிக்கு ஓர் உலோகம் மாதிரிதான். ஒரே அலைவரிசையில் ஓடும் என்னுடையது போன்ற கருவியைக் கறுப்பு மண்ணுக்குச் சரிசெய்தால் உப்பு கத்தும், உப்புக்குச் சரிசெய்தால் கறுப்பு மண் கத்தும். அதனால் நான் அலை நனைக்கும் இடத்துக்கு இறங்குவதே இல்லை. இறங்கினால் முதல் குமிழைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டியிருக்கிறது, ஆழம் போய்விடும். ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் ஓடும் டிஜிட்டல் கருவிகளும், துடிப்பு துடிப்பாக அனுப்பும் 'பல்ஸ்' வகையும் இந்த இரண்டையும் சேர்த்துச் சமாளிக்கும். விலை பல மடங்கு.

டிஜிட்டலில் திரையில் படம் போட்டு 'இது இன்ன காசு' என்று காட்டுவார்கள். பெரும்பாலும் அமெரிக்கக் காசு. நம் 1 ரூபாய்க்கு அதில் படம் கிடையாது. காட்டும் எண்ணை நம்பிக் குப்பை என்று விட்டுவிடாதே. காதால் கேட்டுப் பழகினவன் எந்தக் கருவியிலும் பிழைத்துக்கொள்வான். இது ரேடியோ மெக்கானிக்கின் பாரபட்சம் என்று நீ நினைத்தாலும் சரி.

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது கடலில் கால் நனைத்த இடத்தில் என் கம்மல் ஒன்று விழுந்துவிட்டது. அரைப் பவுன். உங்கள் கருவியால் எடுக்க முடியுமா?
— வாசகி, கருங்கல்

கொடை மாசியில் முடிந்துவிட்டதே அம்மா. அதற்குப் பிறகு கடல் அந்த மணலை எத்தனை தடவை புரட்டியிருக்கும்! முடியும் என்று ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். பொன் பெரியதா சின்னதா என்பதைவிட அதன் உருவம்தான் கருவிக்கு முக்கியம். மூடிய வட்டம் நன்றாகக் கேட்கும். மோதிரம், வளையல் எல்லாம் சுலபம். கம்மலும் திருகும் நாலு விரல் ஆழத்துக்குக் கீழே போனால் சிரமம். மோசமானது சங்கிலி. மூன்று பவுன் சங்கிலி என்றாலும் கருவிக்கு அது ஒரே பொருள் அல்ல, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்னப் பொருள். கொக்கி மட்டும் கேட்டால் உண்டு.

இன்னொன்று. தங்கத்தின் குரலும் மாத்திரை அட்டையின் குரலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அலுமினிய அட்டை தொல்லையாக இருக்கிறதே என்று இரண்டாவது குமிழைக் கூட்டி அதை ஒதுக்கினால் கம்மலும் சேர்ந்து ஒதுங்கிவிடும். ஆகவே கம்மல் தேடுகிறவர் நூறு மாத்திரை அட்டை பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

எதையாவது தொலைத்தால் உடனே செய்ய வேண்டியது இது. நின்ற இடத்தை விட்டு நகராமல், கரையில் அசையாத இரண்டு பொருளை ஒரே நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு தென்னையும் அதற்குப் பின்னால் ஒரு கம்பமும் மாதிரி. வேறு பக்கம் திரும்பி அதேபோல் இன்னொரு ஜோடி. கடலுக்குள் பாறையிருக்கும் இடத்தை மீன்காரர்கள் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே கருவியோடு ஒருவர் வந்தால் வாய்ப்பு உண்டு. 'அந்தப் பஜ்ஜிக் கடைக்கு நேரே' என்று சொல்லாதீர்கள். கொடை முடிந்தால் பஜ்ஜிக் கடை இருக்காது.

குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்ற இடத்தில் தேடினால் பீரங்கிக் குண்டு, தங்கக் காசு கிடைக்குமா? கிடைத்தால் எடுத்தவனுக்குத்தானே சொந்தம்?
— பெயர் வேண்டாம் என்றவர், குளச்சல்

பெயர் வேண்டாம் என்றபோதே உங்கள் நோக்கம் புரிந்துவிட்டது.

1741இல் மார்த்தாண்ட வர்மா படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது உண்மை; அதற்கு நினைவுத்தூண் உங்கள் ஊரிலேயே நிற்கிறது. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். அதற்காக மண்ணுக்குள் இருப்பதெல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்துகிடந்து, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆமாம், வெறும் 10 ரூபாய். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. வட்டக்கோட்டை மாதிரித் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடத்துப் பக்கம் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது.

நேற்று ஒருவர் தொலைத்த மோதிரம் புதையல் அல்ல, அது அவருடையது. விசாரித்துக் கொடுங்கள். எங்கே தேடுவதானாலும் போகுமுன் அந்த ஊர்க்காரர்களிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடலோரத்தில் விடியற்காலையில் கருவியும் கையுமாக நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் முதலில் நல்ல எண்ணம் வராது. எனக்கு வந்த மரியாதையை மேலே எழுதியிருக்கிறேன்.

அந்த மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்களே, அதனால்தான் டிடெக்டர் கத்துகிறதா?
— ஆசிரியை, களியக்காவிளை

இல்லை டீச்சர். கதிர்வீச்சுக்கு இந்தக் கருவி செவிடு. அதற்குத் தனி மானி உண்டு. கத்த வைப்பது இல்மனைட். கதிர்வீச்சு வருவது அதே மணலில் கலந்திருக்கும் மோனசைட் என்ற வேறொரு கனிமத்தில் உள்ள தோரியத்தால்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன். இங்கேயிருந்து ஜெர்மனிக்குக் கயிறு போய்க்கொண்டிருந்த காலம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், கயிற்றில் ஒட்டிவந்த மணலைப் பரிசோதித்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அப்போது கேஸ் விளக்கில் சுடரைச் சுற்றி ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தோரியம் தேவை. உடனே மணவாளக்குறிச்சிக்கு வந்து மணல் பிரிக்கும் ஆலை போட்டார். நம் ஆட்கள் உதறிப்போட்ட மண், அவருக்குச் சரக்கு. கன்னியாகுமரியில் பொட்டலம் கட்டி விற்கும் வண்ண மண்ணும், சிவப்பு நிறம் கார்னெட், கறுப்பு இல்மனைட் என்று இதே குடும்பம்தான். நீங்கள் மட்டும் ஒரு வாளி அள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். அணுக் கனிமம் கலந்த மணல், அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது.

பூமிக்குள் தங்கத்தை மட்டும் நூறு மீட்டர் தூரத்திலிருந்தே காட்டும் கருவி என்று ஒருவர் விற்கிறார். கைப்பிடியில் ஒரு கம்பி தானாகத் திரும்பும். வாங்கலாமா?
— வியாபாரி, அருமனை

வேண்டாம். கம்பி திரும்புவது உங்கள் கை அசைவதால். கருவியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும் என்பார். இங்கிலாந்தில் மெக்கார்மிக் என்பவர் இதே வகைக் கம்பியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்றார். அடிப்படை, கோல்ஃப் பந்து தேட என்று விற்கப்பட்ட ஒரு விளையாட்டுச் சாமான். 2013இல் அவருக்குப் பத்தாண்டு சிறை கிடைத்தது. அதை நம்பிச் செக்போஸ்டில் நின்றவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. தங்கத்தை மட்டும் காட்டும் கருவி எதுவும் கிடையாது. இருந்தால் விற்கிறவர் ஏன் விற்கிறார்?

வீட்டிலேயே டிடெக்டர் செய்ய முடியுமா மாமா?
— எட்டாம் வகுப்பு மாணவன், மேல்புறம்

முடியும் மருமகனே. ஒரு பழைய ஏ.எம். ரேடியோவும் ஒரு பழைய கால்குலேட்டரும் எடு. ரேடியோவை மீடியம்வேவின் கடைசியில், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் வை. கால்குலேட்டரை ஆன் செய்து முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடி. ஒரு ரீங்காரம் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, சத்தம் கேட்டும் கேட்காத இடத்தில் நிறுத்து. இரண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு கரண்டிக்குப் பக்கத்தில் போ, சத்தம் மாறும். இரண்டு விரல் தூரத்துக்குமேல் எதிர்பார்க்காதே. அம்மா கால்குலேட்டரைக் கேட்டால் என் பெயரைச் சொல்லாதே.

உங்கள் வீட்டம்மா இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?
— வாசகி, மார்த்தாண்டம்

வளையல் திரும்பி வந்ததிலிருந்து பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் கம்மல் திருகு கழன்று கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது. "எங்கே உங்க மிஷினு, எடுங்க" என்றாள். பந்தாவாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு காயிலைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினேன். எங்கள் கட்டில் இரும்புக் கட்டில். அரை மணி நேரம் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் துடைப்பத்தை எடுத்துவந்து ஒரே பெருக்கில் திருகை வெளியே தள்ளிவிட்டாள்.